உலையில் இடுமுன் ஒரு பிடி

சைவ மக்களின் வாழ்வில் தருமம் என்பது வழிபாட்டின் ஓர் அங்கமாகவே தொன்றுதொட்டுப் போற்றப்பட்டு வந்துள்ளது. திருவிழாக் காலத்தில் ஆலய மடப்பள்ளியில் அடுப்பு மூட்டப்படுவதும், பூசை நிறைவெய்தியபின் அடியார்கள் பந்தியில் அமர்ந்து அமுது கொள்வதும், வெயிலில் வருவோர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும் இதனாலேயே ஆகும். ஆயினும் திருவிழா ஆண்டுக்கொரு முறை வருவது. பசி நாள்தோறும் வருவது. வெள்ளமும் புயலும் நாள் பார்த்து வருவதில்லை. ஆகவே நாள்தோறும் செய்யக்கூடிய தருமம் எது, ஆபத்து வேளையில் கைகொடுக்கக்கூடிய தருமம் எது, அவ்விரண்டையும் சாதாரண வருவாயுள்ள ஒரு குடும்பம் எவ்வாறு செய்யலாம் என்பவற்றைச் சிந்திப்பது பொருத்தமாகும்.

திருமூலர் காட்டிய எளிய வழி

அறம் செய்வதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. "எங்களுக்கே போதாத நேரத்தில் மற்றவருக்கு எப்படிக் கொடுப்பது?" என்று கேட்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். அவர்களுடைய கேள்வியில் நியாயம் உண்டு. கடலுக்குப் போனவரின் வலை வெறுமையாக வரும் நாட்களும், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை விழுந்து கூலிகூடத் தேறாத போகங்களும் இக்கரையில் எல்லா வீட்டாருக்கும் தெரிந்தவையே.

இக்கேள்விக்குத் திருமூலர் திருமந்திரத்திலே விடை கூறியிருக்கின்றார். எல்லோராலும் இயலக்கூடிய நான்கு அறங்களை அவர் எடுத்துக் காட்டுகின்றார். வழிபடும்போது இறைவனுக்கு ஓர் இலையைச் சாத்துவது முதலாவது. பசுவுக்குச் சிறிதளவு தீனி கொடுப்பது இரண்டாவது. தான் உண்ணத் தொடங்கும்போது பிறருக்கென ஒரு கைப்பிடி கொடுப்பது மூன்றாவது. பிறரிடம் இனிமையாகப் பேசுவது நான்காவது. இந்த நான்கில் எதற்கும் பணக்காரனாக இருக்க வேண்டிய தேவை இல்லை.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உண்டு முடித்து மிஞ்சியதைக் கொடுக்கும்படி திருமூலர் சொல்லவில்லை. உண்ணும் வேளையிலேயே கொடுக்கச் சொன்னார். மிச்சம் என்பது சில நாள் இருக்கும், பல நாள் இராது. முதலில் எடுத்து வைத்தது மட்டுமே எந்நாளும் இருக்கும். இக்கட்டுரை கூற முற்படும் கருத்து முழுவதும் இந்த ஒரு நுட்பத்தில் அடங்கும்.

திருவீழிமிழலையில் படிக்காசு

பஞ்ச காலத்தில் ஆலயம் என்ன செய்யவேண்டும் என்பதற்குப் பெரியபுராணத்தில் ஓர் உதாரணம் உண்டு. திருநாவுக்கரசு நாயனாரும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருவீழிமிழலையிலே எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்களின் வாட்டத்தைக் கண்டு இருவரும் வருந்தினர். இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவதாக அருளினார். ஆலயத்தின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் கிடைத்த அக்காசுகளைக் கொண்டு பண்டம் வாங்கி, இரு நாயன்மாரும் தத்தம் திருமடங்களில் அடியார்க்கு அமுது அளித்தனர்.

சம்பந்தருடைய மடத்தில் அமுது தயாராவதற்கு நாள்தோறும் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, அப்பர் பெற்ற காசைக் கடைக்காரர் உடனே ஏற்றுக்கொள்வதாகவும், சம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டம் கேட்பதாகவும் பணியாளர் கூறினர். அப்பர் கைத்தொண்டு செய்பவர் ஆதலால் அவருக்கு நற்காசு கிடைத்தது என்பது இதன் பொருள். பின்னர் சம்பந்தர் பதிகம் பாடி வேண்டி வட்டமில்லாத காசு பெற்றார்.

இவ்வரலாற்றில் மூன்று பாடங்கள் உள்ளன. இறைவன் பெரும் புதையலைத் தரவில்லை. நாளுக்கு ஒரு காசே தந்தார். அக்காசு ஒரு நாளும் தவறவில்லை. மூன்றாவது, பசித்தவனுக்குச் சோறு நேரத்துக்குக் கிடைப்பதும் தருமத்தின் பகுதியே. நல்ல நோக்கத்தோடு கொடுத்தாலும், செல்லாத காசாகவோ காலம் கடந்ததாகவோ இருந்தால் பசித்தவன் காத்திருக்க நேரும்.

விதைநெல்லும் பிடியரிசியும்

இளையான்குடி மாற நாயனாரின் வரலாறு அடியார் யாவரும் அறிந்ததே. செல்வம் இருந்தபோது அமுதளித்த அவர், வறுமை வந்தபோதும் அதை நிறுத்தவில்லை. மழை கொட்டும் இரவில் அடியார் ஒருவர் வந்தபோது வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த நெல்லை இருளிலே சென்று வாரி எடுத்து வந்தார். வீட்டுக் கூரையின் மரத்தை வெட்டி விறகாக்கினார். அம்மையார் அந்நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கினார்.

நாயனாரின் அன்புக்கு ஈடு இல்லை. ஆனால் விதைநெல்லை வாரும் மனவலிமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. குடும்பங்கள் தங்கள் விதையை இழந்தால் அடுத்த போகத்தில் அவர்களே கையேந்த நேரும். ஆபத்து வந்த பின்பு கொடுக்கத் தொடங்குகிறவன் பெரும்பாலும் விதைநெல்லிலிருந்தே எடுக்கவேண்டியுள்ளது. கடன் வாங்கிக் கொடுப்பதும், நகையை ஈடு வைத்துக் கொடுப்பதும், பிள்ளையின் படிப்புக்கு வைத்ததைக் கொடுப்பதும் இத்தகையனவே. நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைத்த வீட்டுக்கு அந்த இக்கட்டு இல்லை. கேட்பவர் வாசலில் நிற்கும்போது அங்கே பானை நிறைந்திருக்கும்.

பிடியரிசியின் வரலாறு

இப்பழக்கம் புதிதன்று. காஞ்சி காமகோடி பீடத்து ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடியரிசித் திட்டம் என்ற பெயரிலே இதனை ஊர்தோறும் வற்புறுத்தி வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியையும் சிறு காசையும் தனியே எடுத்து வைக்கவேண்டும். அவற்றைச் சேர்த்து அவ்வூர்க் கோயிலிலேயே சமைத்து நிவேதித்து ஏழைகளுக்கு வழங்கவேண்டும் என்பது அத்திட்டமாகும். அரிசியோடு காசும் ஏன் என்றால், விறகுக்கும் உப்புக்கும் செலவு உண்டல்லவா? தருமத்திலும் கணக்குப் பார்க்கவேண்டும் என்பதை அச்சிறு காசு உணர்த்துகின்றது.

வடலூரில் இராமலிங்க வள்ளலார் 1867ஆம் ஆண்டு தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகின்றது. அடுப்பு அணையாதிருப்பது ஒரு செல்வரால் ஆன காரியமன்று. அரிசியும் விறகும் காய்கறியுமாகப் பலர் தொடர்ந்து கொண்டுவந்து கொடுப்பதால் ஆனது.

இலங்கையில் 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்திப் பலருடைய உயிரைக் காத்தார். சைவத்தையும் தமிழையும் வளர்த்த அப்பெரியார், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் கஞ்சி வார்ப்பதற்காக ஊராரிடம் பொருள் திரட்டினார் என்பது ஆலயத் தொண்டு செய்வோர் நினைவில் வைத்திருக்கவேண்டிய செய்தியாகும்.

பிற சமயத்தாரிடமும் இதே வழக்கத்தைக் காணலாம். இந்தியாவின் மிசோரம் மாநிலத்திலே கிறிஸ்தவக் குடும்பங்கள் 1910ஆம் ஆண்டளவில் தொடங்கி, ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துத் தேவாலயத்துக்குக் கொடுத்து வருகின்றன. ஏழை மலைநாட்டு மக்களின் அந்தப் பிடி அரிசியே அங்கே பெரும் பணிகளை நடத்துகின்றது. இலங்கையில் 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ரீ. ஆரியரத்ன அவர்கள் தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் பாலர் பள்ளிகளில், பிள்ளைகள் ஒரு தீப்பெட்டி அளவு அரிசியோ பருப்போ கொண்டுவந்து பொதுப் பானையில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. எவ்வளவு வறிய வீட்டுப் பிள்ளையும் ஒரு தீப்பெட்டியை நிரப்பலாம். வாங்குகிற பிள்ளையும் கொடுக்கிற பிள்ளையாகி விடுகின்றது என்பதே அதன் சிறப்பு.

இக்குடாநாட்டில் அயலவராக வாழும் முஸ்லிம் மக்கள், நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பாக வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பேரிலும் தானியத்தை அளந்து ஃபித்ராவாகக் கொடுக்கின்றனர். பெருநாளன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கக்கூடாது என்பது அதன் கருத்து. தலவில புனித அன்னாள் ஆலயத்துக்கு வரும் கத்தோலிக்க மக்கள் தவக்காலத்தில் தம் உணவைக் குறைத்து மீதப்பட்டதை ஏழைகளுக்கு ஈகின்றனர். பௌத்த மக்கள் வெசாக் காலத்தில் தன்சல் நடத்துகின்றனர். பசித்தவனுக்கு முதலில் எடுத்து வைப்பது எச்சமயத்தார்க்கும் பொதுவான அறம் என்பது இதனாற் புலனாகும்.

ஆலங்குடா கண்ட 1990

தருமத்தைப் பற்றி ஆலங்குடா மக்களுக்கு ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சுமார் 75,000 பேர் வீடு வாசலை இழந்தனர். அவர்களுட் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். கையில் உடுத்த துணியும் மடியில் பிள்ளையுமாக வந்தவர்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோட்டங்களிலும் தங்கவைக்கப்பட்டனர். ஆலங்குடாவிலும் ஓலைக் கொட்டில்களாலான முகாம்கள் எழுந்தன.

அந்நாட்களில் அரச நிவாரணம் வந்து சேருமுன் அவர்களின் பசியைத் தீர்த்தது இப்பகுதிச் சமையலறைகளே. ஐந்து பேருக்கு வைத்த உலையில் பத்துப் பேருக்கு அரிசி இடப்பட்டது. அது பெருமைக்குரிய செய்தி.

ஆயினும் அதன் பின்பகுதியையும் சொல்லவேண்டும். சில நாட்களுக்கென நினைத்து வந்தவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலும் தங்கும்படி ஆயிற்று. கிணற்று நீர், கூலி வேலை, மீன்பிடித் துறை, பாடசாலை இடம் ஆகியவற்றை இரு பகுதியாரும் பங்கிட வேண்டியிருந்தது. வரவேற்றவர்களும் வறியவர்களே ஆதலால் மனக்கசப்புகளும் தோன்றின. முதல் வாரத்தில் பொங்கிய இரக்கம் ஐந்தாம் ஆண்டில் அதே அளவில் இருக்கவில்லை. இதிற் குறை கூறுவதற்கு இடமில்லை. இரக்கம் அலை போன்றது, எழும், அடங்கும். அதை மட்டும் நம்பித் தருமத்தை நடத்த முடியாது. இரக்கம் அடங்கிய பின்பும் நடக்கக்கூடியது பழக்கம் ஒன்றே.

டித்வா புயல் கற்பித்தவை

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கைத் தீவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, புத்தளக் கரை கிழக்கையும் தெற்கையும் போன்ற பேரழிவிலிருந்து தப்பியது. அப்போது இக்கரை மக்கள் கொடுக்கும் இடத்தில் இருந்தனர். 2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்நிலை மாறிற்று. நாட்டின் 25 மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புத்தளம் மாவட்டத்திலும் பெருவெள்ளம் புகுந்தது. புத்தளம் – அநுராதபுரம் வீதியில் கலா ஓயா பெருகியதால் பேருந்து ஒன்று வெள்ளத்தில் அகப்பட்டு, அதில் வந்த எழுபது பேரளவில் ஒரு வீட்டுக் கூரையில் தங்கி நின்று கடற்படையினரால் மீட்கப்பட்ட செய்தி நாடு முழுவதையும் உலுக்கியது.

அப்புயல் கற்பித்த முதலாவது பாடம், கொடுப்பவன் என்றும் வாங்குபவன் என்றும் நிரந்தரமாக இரு சாதியார் இல்லை என்பதாகும். இரண்டாவது பாடம், உதவி வரும் வழியே அடைபட்டுப் போகலாம் என்பதாகும். வீதி உடைந்து, மின்சாரம் நின்று, தொலைபேசியும் இயங்காதபோது கொழும்பிலிருந்து லொறி வருவதற்கு நாளாகும். அந்த முதல் மூன்று நாட்களைக் கடப்பதற்கு உள்ளூரில் என்ன இருந்ததோ அதுவே உணவு. அந்நாட்களில் நாட்டின் பல பகுதிகளிலும் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேற்றுமையின்றி மடப்பள்ளிகளிலே சமையல் நடந்தது. பெரிய பாத்திரமும், அடுப்பும், சமைக்கத் தெரிந்த கைகளும் வழிபாட்டிடங்களில் எப்போதும் உள்ளன. அரிசியும் இருப்பில் இருந்தால் உலை வைப்பதற்கு எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கொடுக்கத் தகாதவை

நற்காசும் செல்லாக்காசும் பற்றித் திருவீழிமிழலையில் கண்டோம். இக்காலத்துச் செல்லாக்காசு பழந்துணி மூட்டையாகும். ஆழிப்பேரலையின் பின் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் மலைமலையாகப் பழைய உடுப்புகள் வந்து குவிந்து, எடுப்பார் இல்லாமல் வீதியோரங்களில் மழையில் நனைந்து கிடந்தன. அங்கே அணியாத ஊர்களின் உடைகளும் கிழிந்தவையும் அவற்றில் இருந்தன. தில்லியைச் சேர்ந்த கூஞ்ச் நிறுவனம் அவற்றைச் சேகரித்துத் தரம் பிரித்து, பயன்படுமாறு மாற்றியமைக்கப் பெரும்பாடுபட்டது. வீட்டைச் சுத்தம் செய்வதற்காகக் கொடுப்பது தானமாகாது. தன் பிள்ளைக்கு உடுத்தத் தயங்கும் சட்டையைப் பிறர் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது.

அதேபோலத் திகதி முடிந்த மருந்துகளும், பாதி பாவித்த மருந்துப் போத்தல்களும் கொடுக்கத் தகாதவை. கைக்குழந்தைகளுக்கான பால்மாவைக் கண்டபடி வழங்குவதையும் சுகாதாரத் துறையினர் தடுக்கின்றனர். வெள்ளத்தால் அழுக்கான நீரில் கரைத்தால் குழந்தைக்கு வயிற்றோட்டம் உண்டாகும். தாய்ப்பால் ஊட்டும் தாய்க்கு நல்ல உணவு கொடுப்பதே குழந்தைக்குச் செய்யும் உதவியாகும்.

எந்த நேரத்தில் எது தேவை என்பதும் அறியத்தக்கது. முதல் நாட்களில் வீட்டில் அடுப்பு இராது. ஆகவே சமைத்த உணவும் குடிநீரும் வேண்டும். வெள்ளம் வடிந்து வீடு திரும்பியதும் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, சவர்க்காரம், பாய், துவாய், படங்கு முதலியன வேண்டும். அதன்பின் மண்வெட்டி, விளக்குமாறு, வாளி என்பவற்றோடு கிணறு இறைத்துச் சுத்தம் செய்யும் ஆட்களும் வேண்டும். பாடசாலை திறக்கும்போது கொப்பியும் புத்தகப்பையும் வேண்டும். எல்லோரும் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், கொப்பி வேண்டிய மாதத்தில் கொடுக்க ஒருவரும் இரார்.

ஒரு பிடியின் கணக்கு

ஒரு பிடி அரிசியால் என்ன ஆகும் என்று நினைப்போர்க்காக ஒரு சிறு கணக்கு. ஒரு பெண்மணியின் கைப்பிடியில் ஏறக்குறைய 40 கிராம் அரிசி கொள்ளும். நாளொன்றுக்கு ஒரு பிடி என்றால் 30 நாளில் 1,200 கிராம், அதாவது ஒரு கிலோவும் இருநூறு கிராமும் ஆகும். நூறு வீடுகள் இவ்வாறு செய்தால் மாதம் ஒன்றுக்கு 120 கிலோ. ஒருவர் ஒரு வேளை உண்ண 120 கிராம் அரிசி எனக் கொண்டால், அது ஆயிரம் பேருக்கு ஒரு வேளைச் சோறு. ஓராண்டில் 1,460 கிலோ சேரும். ஐம்பது வீடுகளே சேர்ந்தாலும் இதிற் பாதி உண்டு.

மறுபுறத்தில் அந்தக் குடும்பம் இழப்பது என்ன? சுண்டால் அரிசி அளந்து சுளகில் கொட்டிய பின் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்தால் சோற்றுப் பானையில் குறைவு தெரியாது. மாத முடிவில் மொத்தமாக ஒரு கிலோ கேட்டால் மனம் தயங்கும். நாளுக்கு ஒரு பிடி என்றால் கை தயங்காது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடையாமல் படகுகள் கரையில் கிடந்ததையும், அரிசி விலை ஏறியதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காலத்தில் ஒரு பிடி எடுக்க இயலாத வீடும் இருக்கும். அவ்வீட்டார் எடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் கொடுப்பதற்காகவே மற்ற வீடுகளின் பிடி சேர்க்கப்படுகின்றது. இயலும் காலத்தில் அவர்களும் எடுப்பார்கள்.

பானையிலிருந்து ஆலயத்துக்கு

நல்ல திட்டங்கள் பல, தொடங்கிய உற்சாகத்தில் சில வாரம் நடந்து பின் மறைந்துபோவது உண்டு. அவ்வாறாகாமல் இருக்கச் சில ஒழுங்குகள் அவசியம்.

முதலாவது, பானை சமையலறையில் கண்ணிற்படும் இடத்தில், அரிசிப் பாத்திரத்தின் அருகிலேயே இருக்கவேண்டும். ஒளித்து வைத்த பானை மறக்கப்படும். பிள்ளைகளைக் கொண்டு அந்தப் பிடியை எடுப்பிப்பது மிகவும் நன்று. தாய் மறந்தாலும் பிள்ளை நினைவூட்டும்.

இரண்டாவது, சேர்ந்ததை மாதம் ஒருமுறை ஆலயத்தில் ஒப்படைக்க ஒரு நாள் குறித்தல் வேண்டும். பூரணை தினம் அதற்கு ஏற்றது. அரசாங்க விடுமுறையும் ஆகும். பூசைக்கு வருவோர் கையோடு கொண்டுவரலாம்.

மூன்றாவது, அரிசி நெடுநாள் கிடந்தால் வண்டு விழும். நன்கு காய்ந்த பாத்திரத்தில் காய்ந்த வேப்பிலையோடு இறுக மூடி வைப்பது பழைய முறை. அதனினும் மேலானது பழையதை முதலில் எடுத்துப் புதியதை இருப்பில் வைப்பதாகும். மாதந்தோறும் பழைய அரிசியை அன்னதானத்துக்கும் ஊரிலுள்ள ஆதரவற்றோருக்கும் பயன்படுத்தி, இரண்டு மாதத்துக்குரியதை ஆபத்து வேளைக்கென எப்போதும் இருப்பில் வைத்திருக்கலாம். இதனால் நாளாந்தத் தருமமும் பேரிடர்த் தருமமும் ஒரே பானையிலிருந்து நடக்கும்.

நான்காவது, கணக்கு. எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ வழங்கப்பட்டது, இருப்பு எவ்வளவு என்பதை மாதந்தோறும் ஆலய அறிவித்தற் பலகையில் எழுதி வைக்கவேண்டும். கொடுத்தவர் பெயரும் அளவும் எழுதத் தேவையில்லை. எழுதினால் குறைவாகக் கொடுத்தவர் வெட்கி நின்றுவிடுவர். மொத்தக் கணக்கு மட்டும் ஒரு கிலோவும் பிசகாமல் எழுதப்படவேண்டும். ஒரு பிடி அரிசியில் சந்தேகம் விழுந்தால் நூறு பானைகள் வெறுமையாகும். பணமாகச் சேர்ப்பதாயின் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். ஆபத்துக் காலத்தில் ஊர் பேர் தெரியாதோர் தொலைபேசிச் செய்தி மூலம் பணம் கேட்டால், விசாரிக்காமல் அனுப்புதல் கூடாது.

ஐந்தாவது, உதவி யாருக்குத் தேவை என்பதைக் கிராம உத்தியோகத்தருடனும் பிரதேச செயலகத்துடனும் கலந்தறிதல் வேண்டும். ஒரே வீட்டுக்கு மூன்று பொதியும் அடுத்த வீட்டுக்கு ஒன்றும் இல்லாமலும் போவதை அது தடுக்கும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அமைந்த இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை எல்லா வீட்டாரும் சுவரில் எழுதி வைத்திருத்தல் நலம்.

அரிசி அல்லாத பிடிகள்

பிடி என்பது அரிசி மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. தேங்காய்த் தோட்டமுள்ளவர் பறிப்பின்போது சில காய்களை ஒதுக்கலாம். மீனவர் நிறைந்த பாடு கிடைத்த நாளில் ஒரு மீனின் விலையை உண்டியலில் இடலாம். தோட்டக்காரர் ஒரு பாத்தியைத் தருமப்பாத்தியாக விடலாம். கடைக்காரர் மாதம் ஒரு பருப்புப் பொதியைச் சேர்க்கலாம்.

பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, திருமணம் முதலிய வைபவங்களின் செலவிலிருந்து பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்குவதும், திவச நாளில் முன்னோர் பெயரால் ஒரு வறிய மாணவனுக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பதும் நற்பயன் தரும். நேர்த்திக்கடன் வைப்போர் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியைப் பிடியரிசிப் பானைக்கு நேர்ந்துகொள்ளலாம். வானில் வெடித்த வாணம் ஒரு கணத்தில் மறையும். அதே பணத்தில் உண்டவனின் வயிறு குளிர்வதை இறைவன் ஏற்காமல் விடுவாரோ?

பொருளே இல்லாதவர்க்கும் வழி உண்டு. கிணறு இறைப்பதற்கு ஒரு நாள் உழைப்பும், முகாமில் உள்ள முதியவருக்கு மனு எழுதிக் கொடுக்கும் கல்வியும் தருமமே. திருமூலர் நான்காவதாக வைத்த இன்சொல் இங்கே பெரிதும் வேண்டப்படுகின்றது. நிவாரணம் பெறுவோரை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்து ஊரெங்கும் பரப்பும் வழக்கம் இக்காலத்தில் பெருகியுள்ளது. நேற்றுவரை தன் வீட்டில் பிறர்க்கு உணவிட்ட ஒரு தாய் இன்று கையேந்தி நிற்கும் படத்தை அவளுடைய பிள்ளைகள் என்றைக்கும் பார்க்க நேரும். அரிசி கொடுத்து மானத்தை எடுத்துக்கொள்வது ஈகையாகாது. கொடுத்த கையை மறைக்காவிட்டாலும், வாங்கிய முகத்தையேனும் மறைக்கவேண்டும்.

நிறைவாக

மழையும் காற்றும் மனிதர் கையில் இல்லை. அடுத்த வெள்ளம் எப்போது வரும், எந்த ஊரை அடிக்கும் என்பதை எவரும் அறியார். இன்று மாலை உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து வைப்பது மட்டும் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அப்பிடியை எடுக்கும் கை இறைவனுக்குப் பூச்சாத்தும் கையே என்ற எண்ணத்தோடு எடுக்கும்போது, சமையலறையும் ஆலயத்தின் ஒரு பகுதியாகிவிடும்.

இம்மலரை வாசித்து மூடிவைக்கும் ஒவ்வொரு இல்லத்திலும் ஒரு சிறு பானை புதிதாக இடம் பிடிக்குமாயின், அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது ஆலயக் களஞ்சியத்தின் நிலையே வேறாக இருக்கும். எவ்வூரில் இடர் வந்தாலும், எச்சமயத்தார் வாசலில் வந்து நின்றாலும், "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லாமல் "வந்து அமருங்கள், சாப்பிடலாம்" என்று சொல்லும் நிலையை இக்கிராமத்துக்கு எல்லாம்வல்ல இறைவன் அருள்வாராக.